வலது மேல் மூலை

கருத்துச் சொல்லுங்கள் என்று வாய்விட்டுக் கேட்பவரைப் போல ஏமாளி உலகத்தில் இல்லை. கேட்காமலே அள்ளி வீசுகிற ஜனம் நம் ஜனம். கேட்டால் விடுமா?

குட்டி கேட்டாள். பதினான்கு மாதமாகக் கேட்டுக்கொண்டே இருந்தாள். முப்பத்தெட்டு வயது அவளுக்கு. மருந்துக் கம்பெனி ஒன்றில் மாத்திரை டப்பாக்களை வடிவமைக்கும் வேலை. காதோரம் நரை எட்டிப் பார்த்துவிட்டது. ஆனாலும் அண்ணன் சின்ன வயதில் வைத்த 'குட்டி' அப்படியே ஒட்டிக்கொண்டுவிட்டது. அண்ணி, அண்ணியின் தம்பி, அவனுடைய நண்பர்கள் வரை எல்லோருக்கும் அவள் குட்டிதான்.

அண்ணன் குடிநீர் வாரியத்தில் பொறியாளர். இருபது வருடம் உடைந்த குழாய்களின் பின்னால் ஓடி ஓடி, கடைசியில் அந்த ஓட்டத்தையே ஒரு மேசை விளையாட்டாக்கிவிட்டான். பெயர் 'உடைப்பு'. நடுவில் ஒரு நகரத்தின் வரைபடம். சுற்றி ஐந்து பேர், ஐந்து பழுதுபார்க்கும் கோஷ்டிகள். ஆளுக்கு எட்டுச் சீட்டு, ஒவ்வொன்றிலும் ஓர் எண். குழாய் உடைந்தது என்று ஒருவர் சீட்டை இறக்கினால், மற்றவர்கள் அதைவிடப் பெரிய எண்ணைத் தங்கள் கையில் தேடிப் போட்டு அடைக்க வேண்டும். ஒரு சீட்டு போதாதென்றால் இரண்டைப் போட்டுக் கூட்டிக்கொள்ளலாம். தாமதித்தால் தெருவில் தண்ணீர் ஏறும். அவ்வளவுதான் ஆட்டம். பரபரவென்று போக வேண்டிய ஆட்டம்.

போகவில்லை. கல்யாண வீட்டு வரவேற்பில் கைகுலுக்க நிற்கும் வரிசை போல ஊர்ந்தது.

மேசை விளையாட்டுகளை அச்சடித்து விற்கும் கம்பெனியிலிருந்து ஒருவர் வந்து ஆடிப் பார்த்தார். மெதுவாகப் பேசுகிற, மரியாதையான மனிதர். ஒரு மணி நாற்பது நிமிடம் ஆயிற்று. கடைசி அரை மணி நேரம் அவர் கொட்டாவியை உதட்டுக்குள்ளேயே மடக்கி விழுங்கியதைக் குட்டி எண்ணினாள். ஏழு.

"யோசனை புதுசா இருக்கு. விதியும் நல்லா இருக்கு" என்றார். "ஆனா ஒரு மணி நேரத்துக்குள்ள முடிஞ்சாகணும். அதுக்கு மேல போனா கடைக்காரங்க வாங்க மாட்டாங்க."

"விதியைக் கொஞ்சம் குறைச்சுப் பார்க்கட்டுமா?" என்றான் அண்ணன்.

"விதியில கை வைக்காதீங்க. எனக்கென்னவோ சீட்டுலதான் எங்கயோ தட்டுது. என்னன்னு சொல்லத் தெரியல. அடுத்த மாசம் ரெண்டாவது சனிக்கிழமை திரும்ப வரேன். அப்பவும் இப்படியே இருந்தா ஒண்ணும் கவலையில்ல, எங்க ஓவியரை வெச்சு சீட்டை மொத்தமா புதுசா வரைஞ்சுக்கலாம்."

ஒண்ணும் கவலையில்லையாம். தொண்ணூற்றாறு சீட்டு. ஒவ்வொன்றிலும் குழாயோடு மல்லுக்கட்டும் ஓர் ஆள், முழங்கால் வரை சேறு, பின்னால் ஒரு தெரு. அலுவலகம் விட்டு வந்து, ஞாயிறு பாராமல், சினிமா பாராமல், பதினான்கு மாதம் அவள் உட்கார்ந்து வரைந்த ஆட்கள். அத்தனை பேரையும் யாரோ ஒரு முகம் தெரியாத ஓவியர் ஒரே வாரத்தில் துடைத்துப் போட்டுவிடுவார். ஆட்டம் பிழைத்துவிடும். அவள்தான் அதில் இருக்க மாட்டாள்.

அந்தச் சனிக்கிழமைக்கு முன்னால் ஐந்து ஞாயிறுகள் இருந்தன.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் ஆடிப் பார்ப்பது பல் டாக்டரின் மருத்துவமனையில், நோயாளிகள் காத்திருக்கும் அறையில். பல் டாக்டர் என்றால் அண்ணியின் தம்பி. ஞாயிறு விடுமுறை என்பதால் இடம் சும்மா கிடந்தது. கிராம்பு எண்ணெய் வாசனை, சுவரில் சொத்தைப் பல்லின் குறுக்குவெட்டுப் படம், மேசையில் திறந்த வாய் மூடாத ஒரு பிளாஸ்டர் தாடை. ஆட வருகிறவர்கள் அண்ணி, டாக்டர், அவன் நண்பரான கணக்கு வாத்தியார், இன்னும் யாராவது அகப்பட்டவர். ஆடி முடித்ததும் பழைய அப்பாயின்ட்மென்ட் அட்டைகளின் பின்பக்கத்தில் கருத்து எழுதித் தர வேண்டும். எழுதினார்கள். மகராசர்கள், ஒருவரும் சும்மா போகவில்லை.

முதல் ஞாயிறு. 'எண் சின்னதாக இருக்கிறது' என்று மூன்று பேர் எழுதியிருந்தார்கள். சரி என்று குட்டி வலது மேல் மூலையிலிருந்த எண்ணை இரண்டு மடங்கு பெரிதாக்கினாள். பிரின்ட் கடைக்கு ஓடி, கெட்டித் தாளில் அச்செடுத்து, இடது கையில் பிளேடும் வலது கையில் இரும்பு ஸ்கேலுமாகத் தொண்ணூற்றாறையும் வெட்டி, ஒவ்வொன்றையும் பிளாஸ்டிக் உறையில் நுழைத்தாள். இரண்டு விரலில் பிளாஸ்திரி.

இரண்டாவது ஞாயிறு. 'எண் கத்துகிறது' என்று எழுதினாள் அண்ணி. 'நீலம் மனதுக்கு ஒட்டவில்லை' என்று டாக்டர். 'ஒரு பூனை போடலாம்' என்று யாரோ பெயர் எழுதாமல். கணக்கு வாத்தியார் மட்டும் அழகான கையெழுத்தில், 'குறை சீட்டில் இல்லை. எனக்கு வயதாகிவிட்டது போலும். கண் டாக்டரைப் பார்க்க வேண்டும்' என்று எழுதியிருந்தார். ஆட்டத்துக்கு ஆன நேரம் ஒரு மணி முப்பத்தெட்டு நிமிடம். இரண்டு மடங்கு எண்ணும் இரண்டு விரல் ரத்தமும் சேர்ந்து சம்பாதித்தது இரண்டு நிமிடம்.

"பூனை எதுக்குண்ணா? குழாய்க்குள்ள பூனை எங்கேருந்து வந்தது?"

"விடு குட்டி. சொல்றவங்க ஆயிரம் சொல்லுவாங்க."

"அப்ப எதுக்குக் கேக்கறோம்?"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்ன தொல்லை என்று ஒருவர் சொன்னால் போதும். ஒருவரும் அதைச் சொல்லவில்லை. தலைவலி என்று சொல்லாமல், தலையணை உறையை மாற்று, ஜன்னலுக்குப் பச்சைத் திரை போடு என்று ஆளுக்கொரு வைத்தியம் மட்டும் சொன்னார்கள். அவளும் பைத்தியக்காரி மாதிரி உறையையும் திரையையும் மாற்றிக்கொண்டிருந்தாள்.

இதில் அவளை இன்னும் வாட்டியது ஒன்று உண்டு. அவள் உட்கார்ந்து ஆடினால் ஆட்டம் சிட்டாய்ப் பறந்தது. சீட்டு இறங்கிய நொடியே பதில் சீட்டு அவள் கையிலிருந்து புறப்பட்டுவிடும். அண்ணனும் அப்படித்தான், தொண்ணூற்றாறு படமும் அவனுக்கு மனப்பாடம், எந்த ஆள் எந்த எண் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். ஆக, செய்த இரண்டு பேருக்கும் வேகம் வருகிறது, மற்ற எவருக்கும் வரவில்லை. இதற்கு என்ன அர்த்தம்? மற்றவர்கள் மந்தம் என்று அர்த்தம். குட்டி அப்படித்தான் முடிவு கட்டினாள். வெளியே சொல்லவில்லை, அவ்வளவுதான்.

மூன்றாவது ஞாயிறு, அண்ணன் அவளை ஆடவும் பேசவும் கூடாது என்றான். "நீ பக்கத்துல உக்காந்து விளக்கம் சொல்லிச் சொல்லியே பாதி நேரம் போகுது. வாயை மூடிக்கிட்டு, எங்க எங்க நிக்குதுன்னு மட்டும் குறிச்சு வை."

கோபம் வந்தது. ஆனாலும் நோட்டும் கடிகாரமுமாகக் கணக்கு வாத்தியாருக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். வாத்தியார் புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்திருந்தார். தங்க நிறச் சட்டம். அண்ணி அதைப் பார்த்து, "எடுப்பா இருக்கு சார்" என்றாள்.

டாக்டர் ஒரு உடைப்பை இறக்கினான். வாத்தியார் தன் சீட்டுகளைப் பார்த்தார். முதல் சீட்டைக் கட்டைவிரலால் மேலே தள்ளி எட்டிப் பார்த்து, திரும்ப உள்ளே இறக்கினார். அடுத்ததைத் தள்ளினார். இறக்கினார். அடுத்தது. எட்டுச் சீட்டும் இப்படியே. எட்டாவதுக்கு வரும்போது முதலாவது என்ன எண் என்பது மறந்துபோயிற்று, மறுபடி முதலிலிருந்து. எதிரே அண்ணியும் அதையேதான் செய்துகொண்டிருந்தாள். டாக்டர் தன்னுடையவற்றை மேசையில் பரப்பி, பக்கத்து ஆள் பார்க்காமல் முழங்கையால் மறைத்துக்கொண்டு படித்தான்.

விரித்துப் பிடித்தால் எல்லா எண்ணும் வரிசையாகத் தெரியுமே, இது ஏன் இவர்களுக்குத் தெரியவில்லை? குட்டி பல்லைக் கடித்தாள். கடிக்க இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது.

அந்த நேரம் வாத்தியாருக்கு வீட்டிலிருந்து போன் வந்தது. "கொஞ்சம் பிடிச்சுக்கம்மா, கலைஞ்சிடாம" என்று விசிறி போல விரித்த சீட்டுகளை அப்படியே அவள் கையில் கொடுத்துவிட்டு வாசலுக்குப் போனார்.

குட்டி பார்த்தாள்.

மேல் சீட்டைத் தவிர எதிலும் எண்ணே இல்லை. மற்ற ஏழு சீட்டின் இடது ஓரங்கள் மட்டும் தெரிந்தன. அரை முகம், ஒரு காது, குழாயின் ஒரு துண்டு, மறுபடி ஒரு காது. எண்கள் ஏழும் வலது மூலைகளில், ஒன்றன் பின் ஒன்றாக அடுத்த சீட்டுக்கு அடியில் மறைந்து கிடந்தன. அவள் சீட்டுகளைச் சேர்த்து அடுக்கி, தன் வழக்கப்படி வலது கையில் பிடித்து, இடது கையால் விரித்தாள். எட்டு எண்களும் வெளியே வந்தன. மறுபடி அடுக்கி வாத்தியார் மாதிரி விரித்தாள். போயின.

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். குட்டிக்குத் தன் கையே தெரியாமல் இருந்திருக்கிறது. அவர்கள் வளர்ந்த வீட்டில் சீட்டுக்கட்டைக் கண்டால் அப்பா தோலை உரித்துவிடுவார். அண்ணன் இந்த விளையாட்டைக் கண்டுபிடிக்கும் வரை அண்ணன் தங்கை இருவருமே சீட்டைக் கையால் தொட்டதில்லை. தொட்டபோது அவள் தன் இடது கைப் பழக்கத்துக்கு எது வாகோ அப்படிப் பிடித்தாள். உலகமே அப்படித்தான் பிடிக்கும் என்று நினைத்துக்கொண்டாள். அந்தக் கைக்கு எந்த மூலை தெரியுமோ அந்த மூலையில் எண்ணை எழுதினாள், தொண்ணூற்றாறு தடவை.

வாத்தியார் திரும்பி வந்து கையை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை.

"சார், உங்களுக்கு எண் தெரியவே இல்லையே!"

"தெரியாது."

"ஏன் சார் சொல்லல?"

"இழுத்துப் பார்த்துக்கணும்னு நெனச்சேம்மா. இந்த விளையாட்டே அப்படித்தான் போலன்னு." கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "என்மேலதான் தப்புன்னு நெனச்சேன்."

குட்டிக்கு எங்கே போய் முட்டிக்கொள்வதென்று தெரியவில்லை. இந்த மனிதர் அவள் செய்த பிழைக்குப் போய்க் கண்ணாடி மாற்றிக்கொண்டு வந்திருக்கிறார்! அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னாள். அவனுக்குப் புரிய ஐந்து நிமிடம் ஆயிற்று. புரிந்ததும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். மேசையைத் தட்டிச் சிரித்தான். பிளாஸ்டர் தாடை ஆடியது.

"சிரிக்காதண்ணா."

"இல்ல குட்டி... பதினாலு மாசம்... நீலம் பிடிக்கலன்னாங்க, பூனை கேட்டாங்க..."

"சிரிக்காதன்னு சொல்றேன்ல!"

அண்ணி எழுந்து தண்ணீர் கொண்டுவந்தாள். குட்டி குடிக்கவில்லை. கண்டுபிடித்த சந்தோஷம் என்று ஒன்று வர வேண்டுமே, அது வரவில்லை. வந்தது முழுக்க எரிச்சல். சொல்லாதவர்கள் மேல், சிரிக்கிறவன் மேல், எல்லாவற்றுக்கும் மேலாகத் தன்மேல்.

இன்னும் இரண்டு ஞாயிறு பாக்கி. இதில் என்ன பெரிய மலையைப் புரட்ட வேண்டும், இரண்டு மூலையிலும் எண்ணைப் போட்டால் தீர்ந்தது என்று அவள் நினைத்தாள். எந்தக் கைக்காரருக்கும் தெரியும், தனக்கும் தெரியும். மறுபடி பிரின்ட் கடை, மறுபடி பிளேடு, மறுபடி பிளாஸ்திரி. நான்காவது ஞாயிறு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சீட்டைக் கலைத்துப் போட்டாள்.

முதல் உடைப்பு ஏழு. டாக்டர் ஒரே ஒரு நான்கைப் போட்டுவிட்டு, "எட்டு. அடைச்சாச்சு" என்றான்.

"எது எட்டு?"

"இங்க நாலு, இங்க நாலு."

"ஐயோ, அது ஒரே நாலுப்பா. ரெண்டு இடத்துல எழுதியிருக்கு."

"ஒரே நாலுன்னா எதுக்குக் குட்டிக்கா ரெண்டு தடவை எழுதறீங்க?"

கேள்வி நியாயமானது. கூட்டிப் போடலாம் என்று சொல்லித்தரும் விளையாட்டில் இரண்டு எண்ணைக் கண்டால் யார்தான் கூட்ட மாட்டார்கள்? எவ்வளவு சொல்லியும் கை தானாகக் கூட்டியது. கணக்கு வாத்தியாரே இரண்டு முறை கூட்டினார். ஒவ்வொரு கூட்டலுக்கும் ஒரு வழக்கு, ஒரு தீர்ப்பு. ஒரு மணி ஐம்பது நிமிடம். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை.

அந்த வாரம் ஒரு எண்ணை மங்கலாக்கிப் பார்த்தாள். அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரியிடம் காட்டினாள். "மங்கலா இருக்கறது கழிக்கணுமா?" என்றாள் அவள். ஒன்றைச் சுற்றி வட்டம் போட்டாள். "வட்டம் போட்டா ரெட்டிப்பா?" குட்டி சீட்டைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டாள். புதன்கிழமை வரை பிடிவாதமாக முட்டி மோதினாள். ஏன் அவ்வளவு பிடிவாதம் என்று யாரும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். இடது மூலையில் மட்டும் எண் என்றால் ஊரில் பத்துக்கு ஒன்பது பேருக்கு அது தெரியும். அந்தப் பத்தாவது ஆள் அவள்.

வியாழக்கிழமை தோற்றாள். ஒற்றை எண், இடது மேல் மூலை.

ஆனால் அந்த இடத்தில் ஒவ்வொரு சீட்டிலும் ஒரு முகம் இருந்தது. போன வாரம் அவசரத்துக்கு முகத்தின் மேலேயே எண்ணை ஒட்டியிருந்தாள், அச்சுக்கு அப்படியே விட முடியாது. புதிதாக வரைய நேரம் இல்லை. ஒரே வழி, படத்தைக் கண்ணாடியில் பார்ப்பது போல இடம் வலமாகத் திருப்பிப் போடுவது. கம்ப்யூட்டரில் ஒரு சொடுக்கு. சொடுக்கினாள். தொண்ணூற்றாறு பேரும் மறுபக்கம் திரும்பி நின்றார்கள். பின்னணியில் இருந்த கடைப் பலகைகளை மட்டும் மறுபடி எழுத வேண்டியிருந்தது.

மாலையில் அண்ணன் வந்து திரையைப் பார்த்தான். "அட, இப்பத்தான் சரியா இருக்கு. முன்னாடி எல்லாரும் ஏதோ ஒரு மாதிரி நின்னாங்க. என்னன்னு சொல்லத் தெரியல."

"என்ன மாதிரி?"

"ஒட்டாத மாதிரி. இப்ப நம்ம ஆளுங்க மாதிரியே இருக்காங்க."

குட்டி மறுபடி பார்த்தாள். திரையில் இருந்த ஆள் ஸ்பேனரை வலது கையில் பிடித்திருந்தான். அடுத்தவனும் வலது கை. அதற்கடுத்தவனும். அப்படியானால் பதினான்கு மாதமாக அவள் வரைந்த தொண்ணூற்றாறு பேரும் இடது கைக்காரர்கள். அவளுக்கே தெரியாது. ஒரு சொடுக்கில் அத்தனை பேரும் திருந்திவிட்டார்கள். அண்ணன் திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் போனான். அவன்மேல் ஒரு தப்பும் இல்லை. அதனாலேயே அவளுக்கு அழுகை வந்தது.

ஐந்தாவது ஞாயிறு. அண்ணன் கடிகாரமும் நோட்டுமாக வெளியே உட்கார்ந்தான். ஆட ஐந்து பேர் வேண்டும்; அண்ணி, டாக்டர், வாத்தியார், மருத்துவமனையின் வரவேற்பு மேசைப் பெண், ஐந்தாவதாகக் குட்டி. அந்தப் பெண் அன்றுதான் முதல்முறையாக இந்த விளையாட்டைப் பார்க்கிறாள். பத்தே நிமிடத்தில் பிடித்துக்கொண்டாள். உடைப்பு விழுந்தது, பதில் விழுந்தது, அடுத்த உடைப்பு. வாத்தியார் வாத்தியார் மாதிரி இல்லை. சின்னப் பையனைப் போலச் சீட்டை ஓங்கி அறைந்தார். அண்ணி, "அடைச்சேன்!" என்று கத்தினாள். பதினான்கு மாதமாக எப்படிப் போக வேண்டும் என்று குட்டி கனவு கண்டாளோ அப்படிப் போயிற்று ஆட்டம், அவளுடைய முறை வரும் வரை.

அவள் முறை வந்ததும் நின்றது. வலது கையில் பிடித்து விரித்தால் அரை முகங்களும் குழாய்த் துண்டுகளும்தான் தெரிந்தன. ஒவ்வொன்றாகத் தள்ளி எட்டிப் பார்த்தாள். இடது கைக்கு மாற்றிப் பிடித்தாள். இரண்டு சீட்டு நழுவித் தரையில் விழுந்தன. குனிந்து எடுத்தாள். நான்கு பேரும் காத்திருந்தார்கள். டாக்டர் மேசையில் விரலால் தாளம் போட ஆரம்பித்து, குட்டியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

ஒரு மணி நான்கு நிமிடம்.

வரவேற்பு மேசைப் பெண்ணுக்குச் சீட்டை வரைந்தது யார் என்று ஒருவரும் சொல்லியிருக்கவில்லை. அவள் எழுதிய அட்டையை அண்ணன் படித்துவிட்டுச் சட்டைப் பையில் வைக்கப் பார்த்தான். குட்டி கையை நீட்டி வாங்கினாள். 'ரொம்ப நல்ல விளையாட்டு. சீட்டு பளிச்சென்று இருக்கிறது, எல்லாம் உடனே புரிகிறது. அந்தப் பச்சைச் சட்டை அக்கா மட்டும் வீட்டில் கொஞ்சம் பழகிவிட்டு வரலாம்.'

எல்லோரும் போன பிறகு அண்ணன் நாற்காலிகளைச் சுவரோரம் தள்ளினான். ஒரே நாற்காலியை மூன்று முறை நகர்த்தினான். சொல்ல வந்ததைச் சொல்லத் தெரியாமல் அவன் நாற்காலி நகர்த்துவது அவளுக்குப் பழக்கம்.

"சொல்லுண்ணா."

"பத்தொன்பது இடத்துல நின்னுது குட்டி."

"சரி."

"அதுல பதினஞ்சு உன்கிட்ட."

"எனக்கு ஆறு நாள் குடு. இடது கையில பிடிக்கப் பழகிக்கறேன்."

"சனிக்கிழமை அண்ணியும் அவளோட சிநேகிதி ஒருத்தியும் உக்காரட்டும். நீ கூட இரு. ஆட மட்டும் வேண்டாம்."

"நான் வரைஞ்ச சீட்டுண்ணா!"

"அது தப்பிக்கணும்னுதான் சொல்றேன்."

அவன் குரலை உயர்த்தியிருந்தால் அவளும் உயர்த்தியிருப்பாள். கிண்டல் செய்திருந்தால் அடித்தே இருப்பாள். அவன் சொன்னது சரி. அவள் நோட்டில், அவள் குறித்த அதே முறையில் அவன் குறித்த கணக்கு. அந்தச் சரிதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. வீட்டுக்கு வந்து ஆறு நாளும் பழகினாள். டீ ஆறும் வரை, பஸ் வரும் வரை, இடது கையில் பிடித்து வலது கையால் எடுத்து, பிடித்து எடுத்து. வெள்ளிக்கிழமையும் நழுவியது. முப்பத்தெட்டு வருடப் பழக்கம் ஆறு நாளில் ஊர் விட்டு ஓடுமா?

சனிக்கிழமை காலை கம்பெனிக்காரர் வந்தார். குட்டி மேசைக்குத் தள்ளி, தண்ணீர் பாட்டில்களுக்குப் பக்கத்தில் நின்றாள். அவரும் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து ஆடினார். இந்தத் தடவை கொட்டாவி இல்லை. அரை மணி நேரத்தில் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார். வாத்தியாரின் உடைப்பை அவர் அடைத்தபோது எழுந்தே நின்றுவிட்டார். குட்டி அந்தச் சீட்டுகள் கை மாறிக் கை மாறிப் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். சந்தோஷமாகத்தான் இருந்தது. பொய் சொல்லக் கூடாது, உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. அந்த மேசையைக் கவிழ்த்துவிட வேண்டும் போலவும் இருந்தது.

ஐம்பத்தொரு நிமிடம்.

"பிரமாதம்" என்றார் அவர். "என்ன பண்ணீங்க? சீட்டு அப்படியே கையில வந்து உக்காருது. எங்க ஓவியருக்கு இதுல வேலையே இல்ல. ஒரு கோடு கூட மாத்த வேண்டாம். இப்படியே அச்சுக்குப் போகட்டும்."

அண்ணன் குட்டியைப் பார்த்தான். அண்ணி ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். வாத்தியார் கைதட்டினார். கம்பெனிக்காரருக்கு உற்சாகம் அடங்கவில்லை. சீட்டுகளைச் சேர்த்துக் கலைக்க ஆரம்பித்தார். "இன்னொரு ஆட்டம் போடுவோமா? ஐம்பது நிமிஷம்தானே. மேடம், வரைஞ்சதே நீங்க, நின்னுக்கிட்டே இருக்கீங்களே! வாங்க, நீங்களும் ஒரு கை போடுங்க."

எட்டுச் சீட்டை எண்ணி அவள் பக்கமாக நீட்டினார்.

"இல்லங்க" என்றாள் குட்டி. "எனக்கு இந்த விளையாட்டு அவ்வளவா வராது."

அவர் சிரித்தார். நல்ல மனிதர், அவளுக்குக் கூச்சம் என்று நினைத்துக்கொண்டார். சீட்டுகளைத் தன் இடது கையில் வைத்து, வலது கையால் அழகாக விரித்து, அவளுக்குத் தெரியும்படி சாய்த்துக் காட்டினார்.

"ரொம்ப சுலபங்க. இதப் பாருங்க, இப்படிப் பிடிச்சாப் போதும். எல்லாம் தானா தெரியும்."